ஒரு குரலுக்கு இரண்டு பேர்

அறுபத்தெட்டாம் வருடம் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கணவர் தயாளன் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் பிரசங்க மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி முந்நூறு பேர். அதே நேரத்தில் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு விமானங்களை மோதவிடப் பார்த்தார். அதற்குச் சாட்சி சர்க்கார். முந்நூறு பேர் தோற்றார்கள், சர்க்கார் ஜெயித்தது. பெரிய பெரிய பரிசுத்தவான்களுக்கே அபூர்வமாக வாய்க்கிற இந்த வரம் என் வீட்டுக்காரருக்கு எப்படி வாய்த்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு விமான நிலையத்து டவரில் வேலை. நாலு பக்கமும் கண்ணாடி போட்ட உயரமான அறை அது. வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும், நீ இத்தனை அடி உயரத்தில் வா, நீ இத்தனை அடிக்கு மேல் ஏறாதே என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பறக்கிற இரண்டு பேருக்கு ஒரே உயரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. வேலையின் சாரம் அவ்வளவுதான். எங்கள் டவரில் அப்போது ரேடார் கிடையாது. ஆகாயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் பொரியலும் கூட்டும் இலையில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிற மனுஷன் என்று நான் கேலி செய்வேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவர் மேல் ஒரு புகார் வந்ததில்லை. "டவரை விட்டு இறக்கினா நான் செத்த மாதிரிதான் ரத்தினம்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ராஜாராமன் அதே டவரில் வேலை பார்த்தவர், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். சர்வீஸில் இளையவர் என்பதால் என் கணவரை அண்ணா என்பார், என்னை அக்கா என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு இருந்தது. தீபாவளிக்கும், வைகுண்ட ஏகாதசிக்கு அவர்கள் குடும்பத்தோடு திருநீர்மலைக்குப் போகிற அன்றைக்கும், ராஜாராமனின் டியூட்டியில் இவர் போய் உட்காருவார். கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் இவருடைய டியூட்டியில் ராஜாராமன் உட்காருவார். அவர் மனைவி ரமா எங்களுக்குப் புளியோதரை கொடுத்தனுப்புவாள். நான் அவளுக்கென்று முட்டை போடாமல் தனியாக ஒரு கேக் சுடுவேன். பார்க்கிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். என்னோடு வேலை பார்த்த ஞானசௌந்தரி டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒற்றுமையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எங்கள் தெருவைத்தான் உதாரணம் காட்டுவாள்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. டியூட்டி மாற்றிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக் கேட்டு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. மேலிடம் என்றால் பம்பாய். பண்டிகை முடிந்து பலகாரம் எல்லாம் தீர்ந்த பிறகு அனுமதி வந்து சேரும். அதனால் டவருக்குப் பொறுப்பாக இருந்த பக்தவச்சலம் ஒரு வழி சொல்லிவைத்திருந்தார். காகிதத்தில் ஒன்றும் வேண்டாம், நீங்களே உங்களுக்குள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள். யார் பெயருக்கு டியூட்டி இருக்கிறதோ அவர் மறுநாள் வந்து கையெழுத்தைப் போட்டுவிடட்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பக்தவச்சலம் தங்கமான ஆபீசர் என்று பெயரும் வாங்கினார்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு ஆராதனை பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவது எங்கள் சபை வழக்கம். என் கணவருக்குக் கிடைத்தது முதல் வார்த்தை. தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கும்படி கேட்கிற வார்த்தை. அவருக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. ஒரு வாரமாகக் குளியலறையில் பேசிப் பார்த்தார். அன்றைக்கு நன்றாகவே பேசினார். ஆணி அடித்தவனுக்கு அது தினசரி வேலை, அவன் யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தான் என்று அவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது.

அவர் அங்கே மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் டவரில் அது நடந்தது. நடந்தது என்ன என்பதை அன்று சாயங்காலம் ராஜாராமனே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்.

பயிற்சிக் கழகத்தின் சின்ன விமானம் ஒன்று திருநீர்மலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் மேலே ஏறிப் பழகிக்கொள்ள ராஜாராமன் அனுமதித்தார். அந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது. கூப்பிட்டது பக்தவச்சலம். மதுரையிலிருந்து வருகிற விமானத்தில் டெல்லியில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் வருகிறார், மாலையோடு நிற்க வேண்டும், எப்போது இறங்கும் என்று வீட்டிலிருந்து விசாரித்தார். விசாரித்தவர் உடனே வைத்திருக்கலாம். எந்த வாசல் வழியாகக் கூட்டி வருவது, கார் எங்கே நிற்கும் என்று பேச்சை வளர்த்தார். போனை வைத்த கையோடு ராஜாராமன் மைக்கை எடுத்து மதுரை விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். எந்த உயரத்துக்கு என்றால், சற்று முன் சின்ன விமானத்துக்குக் கொடுத்த அதே உயரத்துக்கு.

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். திருநீர்மலைக் கோயிலுக்கு இந்தப் பக்கம் சின்னது. தாம்பரம் பக்கமிருந்து பெரியது. இரண்டும் ஒரே மட்டத்தில். அப்போதுதான் உறைத்தது. வலது பக்கம் திரும்பு, உடனே திரும்பு என்று மைக்கில் கத்தினார். பெரிய விமானத்தின் பைலட் ஒடித்துத் திருப்பினார். தப்பித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மடியிலெல்லாம் காபி கொட்டியது. டெல்லிக்காரர் மடியும் அதில் ஒன்று. வேறு யார் மடியில் மட்டும் கொட்டியிருந்தாலும் பைலட்டும் டவர்க்காரரும் கேண்டீனில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். அப்படி முடிந்துபோனவை எத்தனையோ உண்டு.

"அண்ணா, நான்தான் உக்காந்திருந்தேன்னு வெளியில வந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றார் ராஜாராமன். "டியூட்டி உங்க பேர்ல இருக்கு. தப்பு பண்ணினதும் ஒரே ஆள், அதைத் திருத்திக் காப்பாத்தினதும் அதே ஆள். இப்படிப்பட்ட கேஸுக்கு வார்னிங்தான் கொடுப்பா. நீங்க ஏத்துண்டா ஒரு வார்னிங்கோட போயிடும்."

பண்ணாத தப்பை எதற்கு ஏற்க வேண்டும் என்று கேட்டேன். ராஜாராமன் சொன்னதில் கணக்குத் தப்பில்லை என்றார் இவர். உண்மையைச் சொன்னால், டியூட்டிக்கு வராமலே வருஷா வருஷம் கையெழுத்துப் போட்ட குற்றம் இவர் தலையில் விழும். அதற்கு நேராக டிஸ்மிஸ்தான். பொய்யைச் சொன்னால் வார்னிங். எங்களுக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி எட்டாவது, ஒருத்தி ஐந்தாவது. என் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலையை நம்பி யாரும் குடித்தனம் நடத்த முடியாது. மறுநாள் போய்க் கையெழுத்தைப் போட்டார். பக்தவச்சலமே பேனாவைத் திறந்து கொடுத்தாராம்.

டெல்லிக்காரர் வேட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்று மேலிடத்துக்குச் சொல்லியனுப்பினார். தப்புச் செய்தவனைச் சும்மா விடக் கூடாது. கடைசி நேரத்தில் கத்திக் காப்பாற்றியவனுக்கு ஏதாவது செய்யாமல் சும்மா இருக்கக் கூடாது. இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. உயிர் பிழைத்தவர்களுக்கு அப்படித் தோன்றாதுதான். ஆனால் பக்தவச்சலத்துக்கு இப்போது இரண்டு ஆள் தேவைப்பட்டது. அவர் அதிர்ஷ்டம், அவரிடம் இரண்டு ஆள் இருந்தார்கள். காகிதத்தில் ஒருத்தர், நாற்காலியில் ஒருத்தர்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. விசாரணைக்கு பம்பாயிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், டேப்பைப் போட்டுக் கேட்பார்கள் என்று மட்டும்தான் தெரியும். டவரில் மைக்கில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாகும். அன்று காலை இவர் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க இவரும் ராஜாராமனும் ஒன்றாகத்தான் போனார்கள். தெருமுனை திரும்பும்போது ராஜாராமன் இவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விசாரணை அறையில் டேப் ஓடியது. பம்பாய்க்காரர்களுக்கு இவர்கள் யார் குரலும் பழக்கமில்லை. அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அது ராஜாராமன் குரல் என்று தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் கொஞ்சம் இழுத்துப் பேசுகிற குரல் அது. சின்ன விமானத்துக்கு உயரம் கொடுத்தது ஓடியது. மதுரை விமானத்துக்கு அதே உயரம் கொடுத்தது ஓடியது. பக்தவச்சலம் கையைக் காட்டி டேப்பை நிறுத்தச் சொன்னார். இது உங்கள் குரலா என்று பம்பாய்க்காரர் கேட்டார். என் கணவர் ஆமாம் என்றார்.

டேப் மறுபடி ஓடியது. வலது பக்கம் திரும்பு, உடனே திரும்பு என்று அதே குரல் கத்தியது. கத்தலில் அந்த இழுப்பு இல்லை, புதிதாகக் கேட்கிறவருக்கு வேறு ஆள் மாதிரிதான் இருக்கும். இதுவும் உங்கள் குரலா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று இவர் வாயைத் திறந்துகொண்டிருந்தார். அதற்குள் பக்தவச்சலம் முந்திக்கொண்டார். இந்த இடத்திலிருந்து பேசுவது வேறு ஆள், லீவு நாளாக இருந்தும் ஏதோ வேலையாக டவருக்கு வந்த ராஜாராமன் ஆபத்தைப் பார்த்து மைக்கைப் பிடுங்கிப் பேசினார் என்றார். பம்பாய்க்காரர் ராஜாராமனைப் பார்த்தார். ராஜாராமன் எழுந்து நின்று, யெஸ் சார், அது என் குரல்தான் என்றார்.

அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதை என் கணவர் எப்படி மறுப்பார்? இல்லை, அதுவும் என் குரல் என்றால் பொய். முதலில் பேசியதும் ராஜாராமன்தான் என்றால், கொஞ்ச நேரத்துக்கு முன் ஆமாம் என்று சொன்னது பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் மோதல். இவர் எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றார். அன்று டவரில் இருந்த உதவியாளர் துளசிங்கத்தைக் கூப்பிட்டு அவர்கள் கேட்டபோது, தான் அந்தச் சமயம் கீழே டீ வாங்கப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டான். விசாரணை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துபோனது.

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது என்பார்களே, அதுதான். திருத்திய பாதியும் இவர் கணக்கில் இருந்தால் வார்னிங்கோடு போயிருக்கும். அந்தப் பாதியை அறுத்து எடுத்துக்கொண்டு போனதால், தப்புச் செய்துவிட்டுத் திகைத்து உட்கார்ந்திருந்த உதவாக்கரையாக இவர் காகிதத்தில் ஆனார். டவரில் உட்கார இனி லாயக்கில்லை என்று எழுதி, ஸ்டோரில் போட்டார்கள். பல்பு, வயர், தீயணைக்கிற சாமான்களை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஜன்னலைத் திறந்தால் சுவர். ராஜாராமனுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். புகழ் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று அந்தப் பழமொழியில் சொல்லவில்லை.

துளசிங்கம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"இன்னா பண்றதும்மா, ஆபீசரு சொல்லச் சொன்னாரு, சொல்ட்டேன். வயித்துப் பொயப்பு. சார் அன்னிக்கு டவருக்கே வரலன்னு எனக்குத் தெரியாதா? மனசு பேஜாரா கீதும்மா."

அவனுக்கு நான் காபி கொடுத்தேன். பொய் சொன்னவர்களில் வாசல் வரைக்கும் வந்தவன் அவன் ஒருவன்தான்.

எனக்கோ வயிறு எரிந்துகொண்டிருந்தது. போதகரையும் சபையாரையும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கே போகலாமா என்றுகூட நினைத்தேன். முந்நூறு சாட்சியும் ஒரே குரலில் என்ன சொல்வார்கள்? அவர் அன்றைக்கு டியூட்டியில் இல்லை, எங்களோடு இருந்தார் என்பார்கள். அதைச் சொன்ன மறுநிமிஷம் ஸ்டோர் வேலையும் போகும். இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ரமா ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்தை வாங்கி, அவள் பார்க்கவே அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அதோடு புளியோதரையும் நின்றது, கேக்கும் நின்றது.

ராஜாராமன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு நாள் காலை எதிரெதிரே வந்துவிட்டோம். ஒதுங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"தப்பை அவர் ஏத்துக்கிட்டாரில்ல தம்பி. அந்த இன்னொரு பாதியையாவது அவருக்கு விட்டிருக்கலாமே?"

அவர் கண்ணில் ஜலம் வந்தது. வந்ததை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

"பக்தவச்சலம் சார்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் அக்கா" என்றார். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "ஆனா காப்பாத்தினது நான்தானே? அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார்.

டிரெயின் வந்தது. அவர் முதல் வகுப்புப் பெட்டியைப் பார்த்து நடந்தார். அவர் சொன்னதை அவரே நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை இருந்த கோபத்தைவிட அதற்கப்புறம் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் பக்தவச்சலம் பதவி உயர்ந்து டெல்லிக்குப் போனார். டவர் பொறுப்பு ராஜாராமனுக்கு வந்தது. வந்த உடனே அவர் போட்ட முதல் உத்தரவு, இனி யாரும் தங்களுக்குள் டியூட்டி மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது. இவ்வாண்டு ஓர் ஊழியரின் கவனக்குறைவால் ஏற்படவிருந்த விபத்தை முன்னிட்டு என்று அதில் காரணமும் காட்டியிருந்தார். அந்த ஊழியர் ஸ்டோரில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் கல்யாணத்திலிருந்து அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

மறு வருஷப் பெரிய வெள்ளி வந்தது. ஸ்டோருக்குப் பண்டிகை நாளெல்லாம் லீவு. யாரையும் கேட்க வேண்டாம், யார் டியூட்டியிலும் போய் உட்கார வேண்டாம். இனி சாகிற வரைக்கும் ஒரு பெரிய வெள்ளிகூடத் தவறாமல் ஆராதனைக்கு வரலாம். ஆண்டவர் கேட்டதைக் கொடுக்கிற விதம் சில சமயம் இப்படித்தான் இருக்கிறது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் சாலமோன் எங்களை வாசலில் நிறுத்தினார். நல்ல மனிதர், நடந்தது முழுவதும் அவருக்குத் தெரியும். போன வருஷம் முதல் வார்த்தையை மிக நன்றாகப் பேசினீர்கள், இந்த வருஷமும் நீங்களே பேச வேண்டும் என்றார். அதைப் பேசினால் இவர் மனசு ஆறும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அது தெரியாம செஞ்சவங்களுக்கான வார்த்தை ஐயா" என்றார். "தெரிஞ்சே செஞ்சவங்களுக்கு அந்த ஏழுல ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, பேசறேன்."

போதகர் இவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பெரிய வெள்ளி அன்று முதல் வார்த்தையைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒருவர் பேசினார். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சின் நடுவில் தெற்கேயிருந்து ஒரு விமானம் வந்தது. சத்தம் கூரைக்கு மேல் கனத்தது, தலைமையாசிரியர் ஒரு நிமிஷம் நிறுத்திக்கொண்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஜெபிக்கிறார் என்று முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்த ஞானசௌந்தரி டீச்சர் நினைத்திருப்பாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. அந்த விமானத்துக்கு அவர் உயரம் கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் தேய்ந்து, அது பத்திரமாக இறங்கியிருக்கும் என்று தெரிகிற வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.